புரியும் முறுக்கும்
பெங்களூர்க் கொள்கை: ஒரு மதிப்பீடு

துணிக்கும் ஆடைக்கும் பெயர் பெற்ற ஊர் ஜொகூரிலுள்ள பத்து பாகாட். அங்கே தையற்பொறியின் முன் அமர்ந்து தொழில் செய்யும் பெண்ணுக்கு நூலின் இயல்பை எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. முறுக்குக் குறைந்த நூல் ஊசிக் காதிலேயே புரி பிரியும். முறுக்கு மிகுந்த நூல் சற்றுத் தளர்ந்தவுடன் தன்மேல் தானே சுருண்டு சிக்காகும். பஞ்சு ஒன்றே, நிறம் ஒன்றே. ஆயினும் நூல் தொழிற்படும் வகை அதன் முறுக்கைப் பொறுத்தே அமைகிறது.

உயிர்களின் பரம்பரைச் செய்தியைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் இரட்டைப் புரி நூலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது எவ்வளவு முதன்மையானதோ, அது எவ்வளவு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஏறத்தாழ அவ்வளவு முதன்மையானது. எழுத்து மாறாமல் இருக்கும்போதே, முறுக்கு மாறினால் ஒரு மரபணு படியெடுக்கப்படும் அளவு கூடலாம், குறையலாம், சிறிது நேரம் அடியோடு நின்றும் போகலாம்.

இந்த முறுக்கே இல்லை என்று மறுத்த ஒரு கொள்கை 1976இல் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் எழுந்தது. அது நிலைக்கவில்லை. நிலைக்காத கொள்கைகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டில் ஒரு பிழையைச் செய்வர். நம் நாட்டு அறிஞர் கூறியதாயிற்றே என்று அதனைத் தாங்கிப் பிடிப்பது ஒன்று. தோற்றதுதானே என்று தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டும் ஆராய்ச்சியாகா. அக்கொள்கை எதனைச் சரியாகக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்று பகுத்துக் காண்பதே முறையாகும்.

வினா பிறந்த வரலாறு

வாட்சனும் கிரிக்கும் 1953ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்டபோதே ஓர் இடர்ப்பாடும் உடன் பிறந்தது. இரு புரிகளும் ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கின்றன. உயிரணு இரண்டாகப் பெருகும்போது அவை பிரிய வேண்டும்; சுற்றிய புரிகளைச் சுற்றை அவிழ்க்காமல் பிரித்தல் இயலாது. இவ்விடர்ப்பாட்டை அவ்விருவரும் அதே ஆண்டு மே மாதக் கட்டுரையில் ஒப்புக்கொண்டனர். ஆயினும் அது கடக்க முடியாததன்று என்று கருதினர்.

இடர்ப்பாட்டின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் நுண்ணுயிரின் டி.என்.ஏ. சுமார் 46 இலட்சம் எழுத்து இணைகளைக் கொண்டது. ஏறத்தாழ 10.5 இணைக்கு ஒரு சுற்று வீதம் அதில் 4 இலட்சத்து 40 ஆயிரம் சுற்றுகள் அடங்கும். அதனை முழுதும் இரட்டிக்க அவ்வுயிர் எடுத்துக்கொள்ளும் காலம் சுமார் 40 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுகள் அவிழ வேண்டும்! அந்நூலோ முனையற்ற வளையம். முனை இல்லாத கயிற்றில் எங்கே பிடித்து எதனைச் சுழற்றுவது?

மாக்ஸ் டெல்புரூக் என்னும் பேரறிஞர் இதனை எளிதில் விடவில்லை. புரிகள் இடையிடையே அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்னும் கருத்தை அவர் 1954இல் முன்வைத்தார். அவர் வகுத்த பெருக்க முறை 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் செய்த சோதனையால் தள்ளுண்டது. ஆயினும் ‘அறுத்து ஒட்டுதல்’ என்னும் அவர் எண்ணம் வேறொரு வடிவில் பின்னர் உயிர்பெற்றது. தவறிய விடைக்குள்ளும் ஒரு மெய் மறைந்திருக்கக் கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

பெங்களூர் தந்த விடை

பெங்களூர்க் கொள்கையின் வேர் சென்னையில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954, 1955ஆம் ஆண்டுகளில் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தை வகுத்தார். எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் உள்ள அப்புரதம் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது. அவ்வடிவில் அணுக்கள் ஒன்றையொன்று மிக நெருங்கி நிற்கின்றன என்று ரிச்சும் கிரிக்கும் குறை கண்டனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ஆராயப் புகுந்ததன் பயனாகவே, 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் புகழ்பெற்ற இராமச்சந்திரன் வரைபடத்தைத் தந்தனர். புரத வடிவை ஆராயும் எவரும் இன்றும் அதனை எடுத்து வைத்துத்தான் தம் முடிபைச் சரிபார்க்கின்றனர். குறைகூறலை நற்பயனாக்கிய மரபு அது.

அம்மூவருள் ஒருவராகிய வி. சசிசேகரன் பின்னர்ப் பெங்களூரில் டி.என்.ஏ. வடிவை ஆராய்ந்தார். 1976இல் அவரும் என். பட்டாபிராமனும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் ஒரு மாற்று வடிவத்தை வெளியிட்டனர். அதே ஆண்டில் நியூசீலாந்தில் ராட்லி குழுவினரும் தனியே அதனை ஒத்த ஒரு வடிவத்தை வெளியிட்டனர். கடல் கடந்த இரு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் சாராமல் ஒரே எண்ணத்துக்கு வந்தமை, அவ்வினா எவ்வளவு கூர்மையாக அறிஞரை உறுத்தியது என்பதைக் காட்டும்.

அவ்வடிவம் யாதெனில், இரு புரிகளும் ஒன்றையொன்று முழுதும் சுற்றுவதில்லை. பக்கத்தில் பக்கமாகக் கிடக்கின்றன. சில எழுத்து இணைகள் வலப்புறமாகத் திரும்பும். அடுத்த சில இணைகள் இடப்புறமாகத் திரும்பும். வலமும் இடமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் நிகரச் சுற்று ஏறத்தாழ இல்லாமற் போகும். எழுத்துகள் இணையும் முறை வாட்சனும் கிரிக்கும் கூறியதே. பிரிக்க வேண்டிய வேளையில் புரிகளை அப்படியே விலக்கிவிடலாம். அவிழ்க்கும் தொல்லை இல்லை.

இவ்வெண்ணம் அழகானது என்பதில் ஐயமில்லை. ஆதாரமற்றதும் அன்று. அக்காலத்தில் கையிலிருந்த ஊடுகதிர்ப் படங்கள் டி.என்.ஏ. இழைகளிலிருந்து எடுக்கப்பட்டவை, ஒவ்வோர் அணுவின் இடத்தையும் ஐயமற வரையறுக்கும் தெளிவு அவற்றுக்கு இல்லை. ஆகவே வேறு வடிவும் பொருந்தலாமோ என்று கேட்க அறிஞர்க்கு உரிமை இருந்தது.

எண்ணி முடித்த வழக்கு

வழக்கைத் தீர்த்தது படம் அன்று, எண்ணிக்கை. இதனை விளக்க ஒரு கயிறு போதும். இரு புரிக் கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாகக் கட்டிவிட்டால், ஒரு புரி மற்றொன்றை எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்பது நிலையான முழு எண்ணாகிவிடும். இழுத்தாலும் மடித்தாலும் அவ்வெண் மாறாது; ஒரு புரியையாவது அறுத்தால்தான் மாறும். அதனைப் பின்னல் எண் எனலாம்.

இப்பின்னல் இரு வகையில் வெளிப்படும். புரிகள் ஒன்றையொன்று சுற்றிநிற்பது ஒருவகை. கயிறே தன்மேல் தான் சுருண்டு எட்டு வடிவாய் நெளிவது மற்றொரு வகை. முன்னதில் குறைந்தது பின்னதில் தோன்றும். கூட்டுத் தொகை மாறாது. கயிறே சுருண்டு நெளியும் நிலையை மீமுறுக்கு எனலாம். 1965இல் வினோகிராடும் அவர் குழுவினரும் பாலியோமா என்னும் நச்சுயிரின் வளைய டி.என்.ஏ.வில் இத்தகைய சுருளைக் கண்டறிந்தனர். உயிரணுக்களில் உள்ள வளையங்கள் பொதுவாக இயல்பான பின்னலினும் சுமார் 6 விழுக்காடு குறைந்த பின்னல் உடையவை. அது குறைமுறுக்கு, அதற்கு எதிரானது மிகுமுறுக்கு.

1975இல் வால்டர் கெல்லர் கூழ்ம ஊடகத்தில் மின்விசை செலுத்தி, பின்னல் எண்ணில் ஒன்றே ஒன்று வேறுபடும் வளையங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டினார். சுருள் மிக்க வளையம் விரைந்து ஓடும். சுருள் குறைந்தது பின்தங்கும். இதனால் முறுக்கைக் கோடு கோடாக எண்ண முடிந்தது. ஜேம்ஸ் வாங் இம்முறையை மேலும் கூர்மையாக்கினார். வளையத்தில் சில எழுத்து இணைகளைக் கூடுதலாகச் சேர்த்தால் கோடுகள் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்து, கரைசலில் உள்ள டி.என்.ஏ.வுக்குச் சுமார் 10.4 இணைக்கு ஒரு சுற்று என 1979இல் கண்டார். நிகரச் சுற்று இல்லாத நூலில் இத்தகைய அளவு கிடைப்பதற்கு வழியே இல்லை.

அதே 1979இல் கிரிக், வாங், பாவர் ஆகிய மூவரும் டி.என்.ஏ. உண்மையிலேயே இரட்டைச் சுருள்தானா என்னும் வினாவையே தலைப்பாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாற்று வடிவத்தாரை ஏளனம் செய்யாமல் அவர்கள் வினாவை மதித்து, பின்னல் எண் கொண்டு விடை கூறிய கட்டுரை அது. மூடிய வளையத்தை வெப்பத்தாலோ காரத்தாலோ சிதைத்தாலும் புரிகள் தனித்தனியே விலகாமல் ஒன்றோடொன்று கோத்தே நிற்கின்றன. பக்கத்தில் பக்கமாகக் கிடந்தவையாயின் அவை விலகியிருக்க வேண்டுமன்றோ? அடுத்த ஆண்டில் டிக்கர்சன் குழுவினர் படிகத்திலிருந்து பெற்ற தெளிவான வடிவமும் வலப்புரிச் சுருளையே காட்டிற்று.

நடுநிலைக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1979இல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் கண்ட முதல் தெளிவான படிகவடிவம் இடப்புரிச் சுருளாக இருந்தது. பெங்களூரார் வரைந்த வடிவம் அதுவன்று, எனினும் டி.என்.ஏ. இடப்புறமாகவும் திரும்பக் கூடும் என்று அவர்கள் கூறிய அளவில் அவர்கள் கூற்று பொய்க்கவில்லை. குறைமுறுக்கு மிகும் இடங்களில் அத்தகைய இடப்புரி எளிதில் தோன்றும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

முறுக்கும் படியெடுப்பும்

அப்படியானால் அவிழ்க்கும் தொல்லை எவ்வாறு தீர்ந்தது? விடை 1976க்கு முன்பே வரத் தொடங்கிவிட்டது. ஈ. கோலையில் ஒரு புரியை அறுத்து, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டும் நொதியை வாங் 1971இல் கண்டுபிடித்திருந்தார். கொள்கை வெளிவந்த அதே 1976இல் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர் ஜைரேஸ் என்னும் மற்றொரு நொதியைக் கண்டனர். அஃது இரு புரிகளையும் ஒருங்கே அறுத்து, நூலின் மற்றொரு பகுதியை அவ்விடைவெளியில் நுழைத்து, மறுபடி ஒட்டிவிடும். ஒவ்வொரு முறையும் பின்னல் எண் இரண்டு குறையும். இயற்கை முறுக்கைத் தவிர்க்கவில்லை. முறுக்கை ஆள்வதற்கு வேலையாட்களை அமர்த்தியிருக்கிறது.

இங்கேதான் பெங்களூர்க் கொள்கையின் உண்மையான குறை வெளிப்படுகிறது. அது முறுக்கை ஓர் இடையூறாக மட்டும் கருதியது. இடையூறு என்று கருதியதால் அதனை நீக்கிவிட வழி தேடியது. ஆனால் அம்முறுக்கே மரபணுவின் படியெடுப்பை நடத்தும் விசைகளுள் ஒன்று என்பது பின்னாளில் புலனாயிற்று.

மரபணுவைப் படியெடுக்கும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். அது தொடங்கும் இடத்தில் புரிகளைச் சுமார் பன்னிரண்டு இணை அளவுக்குப் பிரித்துத் திறக்க வேண்டும். நூல் குறைமுறுக்குடன் இருந்தால் திறப்பது எளிது. பிரிவதற்கு அது முன்னமே இசைந்து நிற்கிறது. மிகுமுறுக்குடன் இருந்தால் திறப்பது கடினம்.

திறந்த பின்னரும் முறுக்கு விடுவதில்லை. இறுக முறுக்கிய கயிற்றின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் புரிகளுக்கிடையே ஒரு குச்சியைச் செருகி முன்னோக்கித் தள்ளினால் என்ன நிகழும்? குச்சிக்கு முன்னே முறுக்கு இறுகும். பின்னே முறுக்கு தளரும். படியெடுக்கும் நொதியும் அக்குச்சி போன்றதே. தன் பின்னே நீளும் ஆர்.என்.ஏ. வாலையும் அதில் தொற்றிய பொறிகளையும் இழுத்துக்கொண்டு செல்வதால் அது நூலைச் சுற்றிச் சுழல்வது அரிது; நூலே சுழல நேர்கிறது. ஈ. கோலையில் அது நொடிக்கு 40 முதல் 50 எழுத்து வரை நகரும். ஆகவே நொடிக்கு நான்கைந்து சுற்று முன்னே ஏறும். அதே அளவு பின்னே குறையும். இக்கருத்தை லெராய் லியூவும் வாங்கும் 1987இல் வெளியிட்டனர்; அடுத்த ஆண்டே சோதனையும் அதற்குத் துணைநின்றது.

இதன் விளைவு பெரிது. முன்னே ஏறிய முறுக்கை ஜைரேஸ் நீக்காவிடில் நொதி முட்டி நின்றுவிடும். 2014இல் ஹார்வர்டு ஆய்வாளர் தனித்தனி நூல்களை வைத்து இதனைக் கண்கூடாகக் காட்டினர். மிகுமுறுக்கு சேரச் சேரப் படியெடுப்பு மெலிந்து, புதிதாகத் தொடங்குவது நின்றுவிடும். ஜைரேஸ் வந்து தொட்டவுடன் மீண்டும் தொடங்கும். ஒரு மரபணு சிறிது நேரம் விரைந்தும் சிறிது நேரம் ஓய்ந்தும் இயங்குவதற்கு இஃது ஒரு காரணமாகிறது. மேலும், பின்னே தோன்றும் குறைமுறுக்கு அண்டையிலுள்ள மரபணுவின் வாயிலைத் திறக்கத் துணைபுரியலாம். முன்னே தோன்றும் மிகுமுறுக்கு அதனை அடைக்கவும் செய்யலாம். ஒரு மரபணுவின் இயக்கம் எழுத்தால் அன்றி முறுக்கால் அண்டை மரபணுவுக்குத் தெரிவிக்கப்படுகிறது.

முறுக்கைக் காக்கும் ஏற்பாடும் உண்டு. 1983இல் மென்செல், கெல்லர்ட் இருவரும் கண்ட உண்மை வியப்பூட்டுவது. நூல் மிகத் தளர்ந்துவிட்டால் ஜைரேஸை உண்டாக்கும் மரபணுக்கள் கூடுதலாகப் படியெடுக்கப்படுகின்றன. முறுக்கு நிறைந்தால் அடங்குகின்றன. தறியில் பாவு தொய்ந்தால் நெசவாளி இழுத்துக் கட்டுவது போல, நூல் தன்னைத் தானே இழுத்துக் கட்டிக்கொள்கிறது.

மிகையுரை வேண்டா

முறுக்கை மறுப்பது எவ்வாறு பிழையோ, அவ்வாறே எல்லாம் முறுக்கே என்பதும் பிழை. 2004இல் ஈ. கோலையின் மரபணுக்கள் அனைத்தையும் ஒருங்கே ஆராய்ந்தபோது, முறுக்குத் தளர்ந்தவுடன் 300க்கு மேற்பட்ட மரபணுக்களின் இயக்கம் மாறியது. அவ்வுயிரில் உள்ளவையோ நாலாயிரத்துக்கு மேல். மாறியவற்றுள்ளும் சில குறைந்தன; சில கூடின. ஆகவே குறைமுறுக்கு என்றால் திறப்பு, மிகுமுறுக்கு என்றால் அடைப்பு என்று விளக்கின் விசைபோல எண்ணிவிடலாகாது. தொடங்கும் இடத்தின் எழுத்து அமைப்பு, அங்கே வந்து அமரும் புரதங்கள் ஆகியவற்றோடு சேர்ந்தே முறுக்குத் தொழிற்படுகிறது.

மனித உயிரணுவிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே நூல் வளையமன்று, ஜைரேஸும் இல்லை. நூல் புரத உருளைகளில், உருளைக்குச் சுமார் 147 இணை வீதம், இடப்புறமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. எனினும் மிக நீண்டு, இடையிடையே கட்டுண்டு கிடப்பதால் அங்கும் முறுக்குத் தேங்கும். உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்னும் மரபணுவில் டேவிட் லெவன்ஸ் குழுவினர் இதனைக் கண்டனர். படியெடுப்பின் பின்னே எழும் குறைமுறுக்கு, ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளுக்கு அப்பாலுள்ள ஓரிடத்தைத் திறக்கிறது. திறந்த இடத்தில் புரதங்கள் வந்தமர்ந்து படியெடுப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. புற்றுநோய்கள் பலவற்றில் கட்டுமீறும் மரபணுவுக்கு முறுக்கும் ஓர் அளவுகோலாய் அமைந்திருக்கிறது.

மதிப்பீடு

பெங்களூர்க் கொள்கை தன் விடையில் தவறியது, வினாவில் தவறவில்லை. இரட்டைச் சுருளைப் பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்த பலர் கேட்காத வினாவை அது கேட்டது. கேட்டதனால்தான் டி.என்.ஏ.வின் சுற்றுகளை எண்ணிக் காட்டவேண்டிய கடமை எதிர்த்தரப்புக்கு நேர்ந்தது. சோதித்துத் தள்ளக்கூடிய வகையில் தெளிவாகச் சொல்லப்பட்டது அதன் சிறப்பு. எந்தச் சோதனைக்கும் பிடிகொடாமல் நழுவும் கொள்கையைவிட, ஒரு சோதனையால் வீழும் கொள்கை அறிவுக்கு அதிகம் உதவும்.

அதன் பிழையோ எண்ணிப் பார்க்கத்தக்கது. இடர்ப்பாட்டைக் கண்டவுடன், அஃது இல்லாத ஒரு வடிவை வரைய முற்பட்டமை அப்பிழை. உயிர்கள் அவ்விடர்ப்பாட்டுடனேயே வாழ்ந்து, அதனையே கருவியாக்கிக்கொண்டிருக்கக் கூடும் என்னும் எண்ணம் எழவில்லை.

இக்கதை முடிந்த இடமும் பெங்களூரே என்பது கருதத்தக்கது. அதே இந்திய அறிவியல் கழகத்தில் வி. நாகராஜாவும் அவருடன் ஆராய்ந்தோரும் காசநோய்க் கிருமியில் முறுக்கை ஆளும் நொதிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். படியெடுப்பு நிகழும் இடங்களுக்கே அந்நொதிகள் சென்று சேர்கின்றன. 1987இல் கூறப்பட்ட முன்னிறுக்கம், பின்தளர்வு என்னும் கருத்துக்கு அவற்றின் நிலை பொருந்துகிறது. மருந்துக்கு எளிதில் அடங்காத காசநோய்க்கு இன்று கொடுக்கப்படும் மாக்சிஃபிளாக்சசின் அக்கிருமியின் ஜைரேஸையே தாக்குகிறது. அறுத்த நூலை ஒட்டவிடாமல் அந்நொதியைச் சிக்கவைக்கிறது. 1976இல் ஏட்டளவில் நடந்த ஒரு வாதத்தின் பொருள், இன்று நோயாளியின் மருந்துப் பொட்டலத்தில் இருக்கிறது.

பள்ளிகளில் டி.என்.ஏ.வை நான்கெழுத்தால் எழுதிய நூல் என்று சொல்லிக் கொடுப்பது வழக்கம். தமிழில் நூல் என்னும் சொல்லுக்குப் புத்தகம் என்ற பொருளும் உண்டு, இழை என்ற பொருளும் உண்டு. முதற்பொருளை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் மாணவன் பாதியே கற்றவனாவான். எழுத்தைப் படிக்க விரும்புவோன் இழையின் முறுக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை நமக்கு நினைவூட்டியவர்களுள், முறுக்கே இல்லை என்று கூறித் தோற்றவர்களும் அடங்குவர்.